டீயோடு போட்ட மாத்திரை

பனியன் கம்பெனியில் டீ பெல் அடித்ததும் பக்கத்துத் தையல் மிஷின் பெண் ஒரு கையில் டீ டம்ளரோடு, பையிலிருந்து ஒரு சிவப்பு மாத்திரையை எடுத்தாள். ரத்தம் குறைந்தவர்களுக்குத் தருகிற இரும்புச்சத்து மாத்திரை. அதைப் பார்த்தால் எனக்கு இருப்புக்கொள்ளாது.

நான் ஆறாவது படிக்கும்போது, பொங்கலூர் நர்ஸம்மா அம்மாவுக்கு அதே மாத்திரையைக் கொடுத்தார். காலையில் கம்பெனி வேன் ஹாரன் அடித்துக்கொண்டே நிற்கும். அம்மா பாதிச் சோற்றில் எழுந்து ஓடுவாள். மாத்திரை மறந்துபோகும். அதனால் நானே தினமும் ஒன்றை அவள் முந்தானை நுனியில் முடிந்துவிட்டேன்.

"டீ டைம்ல போட்டுக்கோங்கம்மா."

"செரி கண்ணு."

சாயங்காலம் முடிச்சை அவிழ்த்துப் பார்ப்பேன். மாத்திரை இருக்காது. எனக்கு ஒரே பெருமை. ஆனால் அம்மாவின் முகம் வெளுத்துக்கொண்டே போனது. ஒருநாள் கம்பெனியில் தைத்த துணி பீஸ்களை அடுக்கும்போதே மயங்கி விழுந்தாள். ஆட்டோவில் கொண்டுவந்து விட்டார்கள்.

மறுநாள் நர்ஸம்மா வந்து அவள் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார்.

"மாத்திரைய எதோட போட்டீங்க?"

"டீயோடங்க."

"ஏனுங்க, டீயோட போட்டா அந்தச் சத்து ஒடம்புல சேராதுங்களே! ஆரு அப்படிச் சொன்னது?"

நான் கதவோரம் நின்றிருந்தேன். அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை.

"ஆரும் சொல்லலீங்க. நானாத்தானுங்க போட்டேன்."

"என்னக்கா ஆச்சு?" என்று பக்கத்து மிஷின் பெண் கேட்டபோதுதான் குனிந்து பார்த்தேன். அவளிடமிருந்து பிடுங்கிய டீ டம்ளர் என் கையில் இருந்தது. விரல்களிலெல்லாம் சூடாக டீ வழிந்துகொண்டிருந்தது.