வாபஸ் வாங்கிய தீர்ப்பு

என் நாத்தனாருக்கு வீட்டில் ஜட்ஜம்மா என்று பேர். தெருவில் இரண்டு பிள்ளைகள் அடித்துக்கொண்டால் நடுவில் போய் நின்று, யார் மேல் தப்பு என்று சொல்லிவிட்டுத்தான் திரும்புவாளாம். நான் கல்யாணமாகி வந்தபோது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். குழம்பில் உப்பு கூடினாலும் தீர்ப்பு, திரைச்சீலையின் நிறம் பொருந்தாவிட்டாலும் தீர்ப்பு. நானும் லேசுப்பட்டவள் இல்லை. சண்டை போட்டுச் சண்டை போட்டே நாங்கள் இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டோம். மாமனார் மாமியார் போன பிறகு அவள் எங்களோடுதான்.

சட்டம் படித்தாள். கோர்ட்டில் நின்று கத்தப் போகிறாள், அதற்கான தொண்டை இருக்கிறது என்று நான் நினைத்தேன். அவளுக்கோ கம்பெனிகளுக்கு வேலை செய்யும் பெரிய சட்ட நிறுவனங்களின் மேல் ஆசை. ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியை வாங்கினால் அதற்கு ஒப்பந்தம் எழுதுவார்களே, அந்த மாதிரி இடங்கள். அங்கே நேராகப் போய் வேலைக்குச் சேர முடியாதாம். முதலில் சில வாரம் இன்டர்ன்ஷிப். அதில் பிடித்துப்போனால் இரண்டு வருடம் பயிற்சி இடம். அதை முடித்தால்தான் அந்த நிறுவனத்து வக்கீல் என்று போட்டுக்கொள்ளலாம்.

விண்ணப்பம் போட்டுப் போட்டே அவளுக்கு மூன்று வருடம் போனது. எல்லா நிறுவனமும் ஒரே கேள்வியைக் கேட்கும்: எங்களிடம் ஏன் வர விரும்புகிறீர்கள்? ஒவ்வொன்றுக்கும் புதுசாக ஒரு பதில் எழுதி, நான் வெங்காயம் நறுக்கும்போது நின்று படித்துக் காட்டுவாள்.

"பத்துப் பேர்கிட்ட நீதான் என் உயிருன்னு சொல்றவளை ஊர்ல என்னன்னு சொல்வாங்க?" என்று கேட்பேன்.

"சும்மா இருங்க அண்ணி. இந்தப் பத்தில ஒருத்தனாவது திரும்பிப் பார்க்கட்டும்."

ஒரு தடவை கடிதத்தின் மேலே நிறுவனத்தின் பெயரை மாற்றினாள், கீழே மாற்ற மறந்துவிட்டாள். 'நீங்கள் குறிப்பிட்ட நிறுவனத்தில் சேர எங்கள் வாழ்த்துகள்' என்று மரியாதையாகப் பதில் வந்தது. நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கூடப் படித்தவர்கள் எல்லாம் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த நேரம் அது. நான் சிரித்திருக்க வேண்டாம். "இந்த வருஷம் கிடைக்கலைன்னா விட்டுடறேன் அண்ணி" என்று அன்றைக்குச் சொன்னாள்.

அந்த வருடம் ஒரு பெரிய நிறுவனம் கூப்பிட்டது. ஒரு மாத இன்டர்ன்ஷிப், முடிவில் ஒருவருக்கு மட்டும் பயிற்சி இடம். அவளோடு ஒரு கூட்டமே சேர்ந்திருந்தது. எல்லாரும் நுனிநாக்கில் பேசுகிறவர்கள், ஆளுக்கொரு மாமா அந்தத் தொழிலில். நம்மவளுக்கு அண்ணன் மட்டும்தான். அவரும் அட்டைப்பெட்டி ஆலையில் மெஷின் பழுது பார்க்கிறவர்.

அங்கே இவளுக்கு மேல் அதிகாரி ஒரு அம்மாள். எழுதிக்கொண்டு போனதில் பாதியை வெட்டிவிடுவதால் பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் கத்திரி என்பார்களாம். முதல் நாளே கத்திரி சொல்லிவிட்டார். "இங்க கேட்டது அந்த லிஃப்டைத் தாண்டிப் போகக் கூடாது. பெத்த தாய்கிட்டயும் சொல்லக் கூடாது. உங்களுக்கு வேண்டியவங்க சம்பந்தப்பட்ட வேலை கையில வந்தா அந்த நிமிஷமே எழுந்து வந்து என்கிட்ட சொல்லணும்." அங்கே எந்தக் கம்பெனியையும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். ஆளுக்கொரு பறவையின் பேரை வைத்துவிடுவார்கள். இவளுக்குக் கொடுத்தது மீன்கொத்தியின் வேலை. மீன்கொத்தி யார் என்று இவளுக்கும் தெரியாது.

இந்தச் சமயத்தில்தான் என் வீட்டுக்காரருக்கு ஒரு மருந்துக் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. சம்பளம் கூடுதல், ஆனால் எல்லாம் புதுசு. ஆலையிலோ அடுத்து பராமரிப்புப் பிரிவுக்கு அவர்தான் தலைவர் என்று மேனேஜர் வாய் வார்த்தையாகச் சொல்லியிருந்தார். அங்கே ஒரு பழைய மெஷின் இருக்கிறது. அதைக் கிழவி என்பார்கள். அது இவர் கைக்குத்தான் அடங்கும். இவர் அதோடு பேசுவார் என்று ஆலையில் ஒரு கேலி உண்டு. எனக்கும் அந்தக் கிழவி மேல் கொஞ்சம் பொறாமை உண்டு.

ஜட்ஜம்மாவிடம் கேட்டார். அவள் யோசிக்கவே இல்லை. "இங்கயே இருண்ணா. தலைவர் பதவியை விட்டுட்டு யாராவது முதல்லேருந்து ஆரம்பிப்பாங்களா?" தீர்ப்பு முடிந்தது. அது அவள் இன்டர்ன்ஷிப்பின் முதல் வாரம்.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வந்தவள் எதிலும் குறை சொல்லவில்லை. எனக்கு அதுவே பயமாக இருந்தது. நான் வேலை பார்ப்பது ரத்தப் பரிசோதனைக் கூடத்தில், ரிப்போர்ட் கொடுக்கும் ஜன்னலில். உறையைப் பிரிப்பதற்கு முன்னால் வருகிறவர்கள் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அதனால் முகத்தைக் கல்லாக்கிக்கொள்ள எனக்குத் தெரியும். அவளும் அன்றைக்கு முகத்தைக் கல்லாக்கத்தான் பார்த்தாள். பழக்கமில்லாததால் அது எங்கெங்கோ இழுத்துக்கொண்டு நின்றது.

புதன்கிழமை சாயங்காலம் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். இவர் சொன்னார்: "வெள்ளிக்கிழமை காலைல மருந்துக் கம்பெனிக்குப் பதில் சொல்லணும். வேண்டாம்னு சொல்லிடறேன். அதான் ஜட்ஜம்மா தீர்ப்பு குடுத்தாச்சே."

அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அண்ணா, அன்னிக்கு நான் சொன்னதை எடுத்துக்காதே. வாபஸ் வாங்கிக்கறேன்."

"அப்ப போகச் சொல்றியா?"

"போன்னும் சொல்லலை, இருன்னும் சொல்லலை. எனக்கு இதுல அபிப்பிராயமே இல்லை. நான் எதுவுமே சொல்லலைன்னு வச்சுக்கோ."

வக்கீல் புத்தி அது. சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொண்டால் சொல்லாத மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தாள். காகிதத்தில் ஆகலாம். பிறந்ததிலிருந்து ஒரு தீர்ப்பையும் மாற்றாதவள் சாப்பாட்டு மேஜையில் ஒன்றை மாற்றினால் அது ஊரைக் கூட்டிச் சொன்ன மாதிரிதான். இவர் "சரி, பார்க்கலாம்" என்று இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டார். சரியான மரமண்டை என்று மனதுக்குள் திட்டினேன்.

பாத்திரம் கழுவும் இடத்தில் அவளைப் பிடித்துக்கொண்டேன். "ஆலைக்கு என்ன ஆகப் போகுது?"

"கேக்காதீங்க அண்ணி."

"வாயைத் திறக்க வேண்டாம். தலையை மட்டும் ஆட்டு."

"ஆட்டினா நாளைக்கு அந்த ஆபீஸ் வாசலை மிதிக்க முடியாது. மூணு வருஷம் அண்ணி." அவள் கழுவின டம்ளரையே திரும்பக் கழுவினாள். "நான் ஏற்கெனவே தப்பு பண்ணிட்டேன். நேத்தே அவங்ககிட்ட சொல்லியிருக்கணும். நாளைக்குப் போய் சொல்லப் போறேன்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் மேலா, அந்தக் கத்திரி மேலா, யார் மேல் என்று தெரியவில்லை. "என் புருஷன் நடுத்தெருவுல நிப்பாரு, நீ லிஃப்ட்ல மேல போ" என்று சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை. டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு அறைக்குப் போனாள்.

வியாழக்கிழமை அங்கே நடந்தது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியும். ஆனால் அதைச் சொல்லாமல் வெள்ளிக்கிழமையைச் சொல்ல முடியாது.

செவ்வாய்க்கிழமை ஒரு கூட்டத்தில் அவளைக் குறிப்பெடுக்க உட்கார வைத்திருக்கிறார்கள். விற்கிற பக்கத்து மேனேஜர் பேச்சோடு பேச்சாக, "எங்க ஆளுங்க ஒரு மெஷினைக் கிழவின்னு கூப்பிடுவாங்க, அதோட பேசறதுக்கு ஒரு மெக்கானிக்கே இருக்கான்" என்று சிரித்திருக்கிறார். வாங்குகிற பக்கத்து ஆள், அந்தக் கிழவியைக் கழற்றிவிட்டு, பராமரிப்புப் பிரிவையே வெளி ஆட்களிடம் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறார். இவள் அதையும் குறித்துக்கொண்டாள். மீன்கொத்தி யார் என்று அப்போதுதான் தெரிந்தது. அங்கேயே எழுந்திருக்க வேண்டும். எழுந்தால் அந்த வேலையிலிருந்து தூக்கிவிடுவார்கள், மதிப்பெண் போடுவதே அந்த வேலைக்குத்தான். நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்துவிட்டாள்.

வியாழக்கிழமை எல்லாவற்றையும் சொன்னாள். கத்திரி பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்: "வீட்ல யார்கிட்டயாவது சொன்னியா?"

இல்லை என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். இவள் முடிக்கவில்லை. "சொல்லலை மேடம். ஆனா அண்ணனுக்கு முன்னாடி ஒரு யோசனை சொல்லியிருந்தேன். அதை வாபஸ் வாங்கினேன். அண்ணி புரிஞ்சுக்கிட்டாங்கன்னு நினைக்கிறேன்."

"அண்ணன்?"

"தெரியாது மேடம். நாளைக்கு வேற கம்பெனிக்குப் பதில் சொல்லணும் அவர்."

"வாபஸ் வாங்கினதும் சொன்னதும் ஒண்ணுதான்னு உனக்குத் தெரியலையா? நாளைக்கு அவர் அங்க போறேன்னு சொன்னா, நீ வாயைத் திறக்கலைன்னு யாரும் நம்ப மாட்டாங்க. நானும் நம்ப மாட்டேன்."

அன்றைக்கே அவளை வேறு பிரிவுக்கு மாற்றி, பழைய ஃபைல்களை அடுக்கச் சொல்லிவிட்டார்கள். இத்தனையையும் மனதில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவள் என்னிடம் சொன்னது, "சொல்லிட்டேன் அண்ணி" என்ற ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை காலை இவர் போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் நின்றார். அவள் வாசலில் ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள். போகிறேன் என்று அவர் சொன்னால் இவள் கதை முடிந்தது. மாட்டேன் என்றால் அவர் கதை முடிந்தது. இதில் முன்பாதி எனக்குத் தெரியாது. பின்பாதி மட்டும் தெரியும், அதனால் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"மருந்துக் கம்பெனி நல்ல இடம்னு சொல்றாங்களே. இன்னொரு தடவை யோசிங்களேன்."

"யாரு சொல்றாங்க?" என்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அவள் கை நாடாவோடு நின்றுபோனது. நிமிரவில்லை. நான் வாயைத் திறந்தேன். அவள் கழுத்தின் பின்பக்கம் வியர்த்திருந்தது தெரிந்தது. மூன்று வருடமாக என் சமையலறையில் நின்று படித்துக் காட்டிய கடிதங்கள் எல்லாம் ஞாபகத்துக்கு வந்தன.

"பொதுவா சொன்னேன்" என்றேன்.

"அங்க மெஷினெல்லாம் புதுசு. புதுசு எதுவும் என்னோட பேசாது" என்று சொல்லிவிட்டு எண்களை அழுத்தினார். மரியாதையாக, மெதுவாக, வேண்டாம் என்று சொன்னார். அவள் ஒரு காலில் நாடா தொங்கத் தொங்கப் படி இறங்கிப் போனாள். நான் அன்றைக்கு வேலையில் இரண்டு பேருக்கு உறையை மாற்றிக் கொடுத்துத் திட்டு வாங்கினேன்.

மாதம் முடிந்து கடைசி நேர்காணலில் கத்திரி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம். "உங்க அண்ணன் இப்ப எங்க வேலை பாக்கறார்?"

"அதே ஆலையிலதான் மேடம்."

கத்திரி ஃபைலில் எதையோ குறித்துவிட்டு, போகலாம் என்றிருக்கிறார்.

கொஞ்ச நாளில் ஆலை கைமாறிய செய்தி வெளியானது. பராமரிப்புப் பிரிவைக் கலைத்துவிட்டார்கள். இவர் தன் சாமான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். இனி சொல்லலாம் என்று ஆன அந்தச் சாயங்காலம் அவள் அண்ணன் முன்னால் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லச் சொல்ல அழுதாள். நானும் என் பங்கைச் சொன்னேன். இவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "சரி, சாப்பிடுங்க" என்றார். மருந்துக் கம்பெனியில் விசாரித்தோம், ஆள் போட்டுவிட்டார்கள். மோட்டார் பழுது பார்க்கும் கடை ஒன்றில் பாதிச் சம்பளத்துக்குப் போனார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மேஜை மேல் என் இஸ்திரிப் பெட்டியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் கையில் போனோடு வந்தாள். மின்னஞ்சல் வந்திருக்கிறது, பயிற்சி இடம் அவளுக்குத்தான். சொல்லும்போது குரலில் ஒரு துளி சந்தோஷம் இல்லை.

"வேண்டாம்னு எழுதிடப் போறேன்ணா. உன் வேலையைக் கெடுத்துட்டு எனக்கு எதுக்கு?"

இவர் நிமிரவே இல்லை. "ஏன், அதையும் வாபஸ் வாங்கப் போறியா? அன்னிக்கு வாங்கினதே போதும். அன்னிக்கே எனக்குப் பாதி உயிர் போச்சு."

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவர் திருகாணியைத் திருகிக்கொண்டிருந்தார். "போய் சரின்னு எழுது" என்றார். அவள் நின்றாள், பிறகு போய் எழுதினாள்.

அவள் போனதும் நான் பிடித்துக்கொண்டேன். "தெரிஞ்சுமா வேண்டாம்னு சொன்னீங்க?"

"என்னத்த தெரிஞ்சுது, ஆலைக்கு ஏதோ ஆகப் போகுதோன்னு ஒரு சந்தேகம்தான். நீ வேற நான் போன் பண்ற நேரத்துல நின்னு முழிச்சே. சந்தேகம் பாதியாயிடுச்சு, பயம் ரெட்டிப்பாச்சு."

"அப்பவாவது போயிருக்கலாமே."

"போயிருந்தா, நீதானே அண்ணனுக்குச் சொன்னேன்னு அவகிட்ட கேப்பாங்கல்ல? அவளுக்குப் பொய் சொல்ல வராது."

இஸ்திரிப் பெட்டி அன்றைக்கே சூடானது. முதல் நாள் ஆபீசுக்கு அவள் போட்டுக்கொண்டு போக வேண்டிய சட்டையை அவரே தேய்த்து வைத்தார். காலர் சரியாக மடங்கவில்லை என்று அவள் தீர்ப்புச் சொன்னாள்.