லாக் நம்பர் கேட்காத கடை

என் சகலையைப் பற்றி யாராவது நாலு நல்ல வார்த்தை சொன்னால் எனக்கு வயிறு எரியும். இதை மறைத்து எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. என் மனைவியின் தங்கையைக் கட்டியவர், என்னை வாய் நிறைய அண்ணன் என்று கூப்பிடுகிறவர். எங்கள் தெருவின் அந்தக் கோடியில், மருந்துக் கடைக்குப் பக்கத்தில், செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். இந்தக் கோடியில் நானும் செல்போன் ரிப்பேர் கடைதான் வைத்திருக்கிறேன். நடுவில் ஒரு சைக்கிள் கடை, ஒரு பல் டாக்டர், பிறகு வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதி.

விடுதி வாசலிலிருந்து பார்த்தால் முதலில் கண்ணில் படுவது என் கடைதான். கண்ணாடிக் கதவு, ஏசி, சிவப்பு எழுத்து ஓடும் பலகை. அந்தப் பெண்கள் உடைந்த போனைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே வருவார்கள், என் பலகையை ஒரு முறை பார்ப்பார்கள், அந்தப் பக்கம் திரும்பி நடப்பார்கள். நான் உள்ளே குளிரில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருப்பேன்.

சகலை முன்பு கூரியர் கம்பெனியில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையில் இருந்தார். கம்பெனியை இழுத்து மூடியபோது அவருக்குக் கைக்குழந்தை. மாமனார் என்னிடம் வந்து, "மாப்ள, அவரையும் கொஞ்சம் கூட வெச்சுக்குங்க" என்றார். வைத்துக்கொண்டேன். சால்டரிங் அயர்னை எங்கே பிடித்தால் சுடும் என்றுகூடத் தெரியாத மனிதர். ஒரு வருஷம் என் கடையில் இருந்து டிஸ்ப்ளே மாற்றவும் பேட்டரி மாற்றவும் பழகிக்கொண்டார். ஒன்றை மட்டும் கடைசிவரை பழகவில்லை. அது வாடிக்கையாளரிடம் லாக் நம்பர் வாங்குவது.

எங்கள் தொழிலில் போனை வாங்கியதும் அதன் முதுகில் ஒரு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டுவோம். பெயர், கோளாறு, லாக் நம்பர். சிலர் நம்பருக்குப் பதிலாகத் திரையில் கோடு இழுத்துத் திறப்பார்கள். அவர்களுக்கு ஒன்பது புள்ளி வைத்து அந்தக் கோட்டையே வரைந்துகொள்வோம். வேலை முடிந்ததும் திறந்து சோதிக்க வேண்டாமா? விரல் பட்டால் நகர்கிறதா, கேமரா தெரிகிறதா என்று பார்க்க வேண்டாமா? சகலை பெயரையும் கோளாறையும் எழுதிவிட்டு மூன்றாவது வரியைக் காலியாக விட்டுவிடுவார்.

"தம்பி, நம்பர் எங்க?"

"அவங்களே வந்து திறந்துக்கட்டும்ணே. குடுக்கப் போற பார்சலை நாம எதுக்குப் பிரிக்கணும்?"

பார்சலாம். இந்த ஆள் பிழைத்த மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

பிழைத்துவிட்டார். தனிக்கடை என்று பேர், கட்டில் போட்டால் நிறைந்துவிடும் இடம். மேஜையைத் தெருவைப் பார்த்துப் போட்டு, அதற்கு முன்னால் ஒரு மர பெஞ்சைப் போட்டார். போன் கொண்டுவந்தவர் அதில் உட்கார வேண்டும். முதல் வேலையாக சிம் கார்டையும் மெமரி கார்டையும் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்துவிடுவார். பிறகு அவர் கண்ணெதிரிலேயே போனைப் பிரிப்பார். கழற்றிய பழைய பாகத்தைக் காகிதத்தில் சுற்றி, கேட்காமலேயே கொடுத்துவிடுவார். எல்லாம் முடிந்ததும் போனை அவர் பக்கம் நகர்த்தி, "நீங்களே திறந்து பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொள்வார். பஸ் போகும், நாய் போகும், அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். என்ன நடிப்பு என்று முதலில் நினைத்தேன். நடிப்பாக இருந்தால் எனக்கும் வந்திருக்கும்.

ஊர் அதற்குப் பெஞ்சுக்கடை என்று பெயர் வைத்துவிட்டது. என் கடைக்கு நான் ஆள் வைத்து யோசித்து, விளக்கெல்லாம் போட்டு ஒரு பெயர் வைத்திருக்கிறேன். அதை இதுவரை ஒரு வாயும் சொல்லி நான் கேட்டதில்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தண்ணீரில் விழுந்த போன், உள்ளே போர்டு கருகிய போன் வந்தால் அவர் என்ன செய்வார் தெரியுமா? "இது எனக்கு வராதுங்க. அந்தக் கோடியில எங்க அண்ணன் இருக்காரு, போர்டு வேலைக்கு அவர் கைதான்" என்று என்னிடம் அனுப்பிவிடுவார். வருகிறவர்கள் போகும்போது எனக்கு நன்றி சொல்வதில்லை. "எவ்வளவு நேர்மையான மனுஷன், தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லிட்டாரு பாருங்க" என்று என் கடைக்குள்ளேயே, என் ஏசியிலேயே நின்று அவரைப் புகழ்ந்துவிட்டுப் போவார்கள். அந்த மனிதன் ஒரு தடவையாவது என்னைப் பற்றித் தப்பாகப் பேசியிருந்தால் நான் நிம்மதியாகப் பொறாமைப்பட்டிருப்பேன்.

சரி, பெஞ்சுதானே மந்திரம் என்று நானும் மேஜையைத் திருப்பிப் போட்டேன். பெஞ்சு எதற்கு, மெத்தை வைத்த சோபாவே போட்டேன். பலகையில் 'உங்கள் நம்பிக்கையே எங்கள் மூலதனம்' என்று ஓடவிட்டேன். அன்று சகலை கடை திறக்கவில்லை. விடுதியிலிருந்து ஒரு பெண் அந்தக் கோடிவரை போய்ப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் என்னிடம் வந்தாள். பேட்டரி உப்பியிருந்தது. இந்த ஒருத்தி சந்தோஷமாகத் திரும்பிப் போனால் விடுதியே பின்னால் வரும் என்று எனக்குத் தெரியும். சோபாவில் உட்காரவைத்தேன். சிம்மைக் கழற்றிக் கையில் கொடுத்தேன். வாய்ப் பழக்கத்தில் லாக் நம்பர் கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்.

வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. அப்படி ஒரு சுத்தமான வேலையைச் சகலை கனவிலும் செய்ய முடியாது. போனைத் திறந்தேன், கேமராவைச் சோதிக்க மேலே ஓடும் ஃபேனைப் படம் பிடித்தேன், படம் நன்றாக வந்திருக்கிறதா என்று பார்த்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கட்டைவிரல் தானாக ஒரு தள்ளு தள்ளியது. அடுத்த படம் வந்தது. இன்னொரு தள்ளு.

"இது யாரு, உங்க அக்காவா? அப்படியே உங்க ஜாடை" என்றேன். அன்பாகத்தான் கேட்டேன்.

அவள் எழுந்து என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள். பிடுங்கவில்லை, வாங்கிக்கொண்டாள். கூலியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்த விடுதியிலிருந்து ஒரு ஈ காக்காய்கூட என் பக்கம் வரவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு, அந்த ஆள் அப்படி என்னதான் செய்கிறார் என்று நேரிலேயே பார்த்துவிடுவது என்று கிளம்பினேன். யாராவது கேட்டால் சின்ன ஸ்க்ரூ கடன் வாங்க வந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். மருந்துக் கடையைத் தாண்டியதும் கால் நின்றுவிட்டது. பெஞ்சில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள்.

காலையில் தங்கையைப் பார்க்கப் போவதாகச் சொன்னவள். அவள் போன் திரை விரிசல் விட்டு இரண்டு வாரம் ஆகிறது. "குடு, மாத்தித் தரேன்" என்று நானே பலமுறை கேட்டிருக்கிறேன். "இருக்கட்டும், நல்லாத்தான் தெரியுது" என்று ஒவ்வொரு தடவையும் தட்டிக்கழித்தாள். இப்போது சிம் கார்டை உள்ளங்கையில் மூடிக்கொண்டு, சகலை ஸ்க்ரூ கழற்றுவதை நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"வாங்கண்ணே, உக்காருங்க" என்றார் சகலை. நிஜமாகவே சந்தோஷப்பட்டார். "அண்ணி போன்தான். நீங்க வேலையா இருக்கீங்களாமே."

என் முகத்தில் ஈயாடவில்லை. மனைவிக்குப் பக்கத்தில், அந்தப் பாழாய்ப்போன பெஞ்சில், வாடிக்கையாளரைப் போல உட்கார்ந்தேன். சகலை புதுத் திரையைப் பொருத்தி, துடைத்து, அவள் பக்கம் நகர்த்தினார். "திறந்து பாருங்கண்ணி" என்று சொல்லிவிட்டுத் தெருவைப் பார்த்தார். நான் போனைப் பார்த்தேன். அவள் போனை மெல்லத் தன் மார்போடு சாய்த்து வைத்துக்கொண்டு நம்பரைப் போட்டாள். அவள் அதை மறைத்தது சகலையிடமிருந்து இல்லை.

இரண்டு பேரும் என் கடைப் பக்கம் திரும்பி நடந்தோம். சைக்கிள் கடை வந்தது.

"அப்படி என்ன ரகசியம் வெச்சிருக்க அதுல?" என்றேன்.

"ஒண்ணும் இல்ல. எங்கம்மாகிட்ட பேசினது, தங்கச்சிகிட்ட பொலம்பினது."

"அப்புறம் என்கிட்ட குடுக்கறதுக்கு என்ன?"

"தினமும் சாப்பிட உக்காந்தா யார் போன்ல என்ன பாத்தேன்னு சொல்றீங்க. பல் டாக்டர் யாருக்கு என்ன அனுப்பினாரு, சைக்கிள் கடைக்காரர் பொண்டாட்டி எவ்வளவு நாளா பேசறதில்ல, எல்லாம் எனக்குத் தெரியும். நானும் சிரிச்சுக்கிட்டேதான் கேட்டேன்." அவள் குரலில் கோபமே இல்லை. "வேற எங்கயாவது உக்காந்து என் கதையும் சொல்லுவீங்களோன்னு தோணிச்சு."

சைக்கிள் கடைக்காரர் உள்ளேயிருந்து எனக்கு வணக்கம் வைத்தார். நானும் வைத்தேன். அவர் கையிலிருந்த போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

எனக்கு இருந்த ஆத்திரத்தில், கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேன்.

"அவன் லாக் நம்பர் கேட்டிருந்தா? அவன்கிட்டயும் சொல்லியிருக்க மாட்டதானே?"

அவள் நடந்துகொண்டே ஒரு நிமிஷம் யோசித்தாள். எனக்காகப் பொய் சொல்லலாமா என்றுதான் யோசித்திருப்பாள்.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்றாள்.