எஸ்தர் டீச்சர் எழுதிக் கொடுத்த வாக்கியம்

எஸ்தர் டீச்சர் தவறிய செய்தி வந்தபோது நான் முடிதிருத்தும் கடையில் மீசைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தேன். பாதிதான் முடிந்திருந்தது. அப்படியே எழுந்து ஓடினேன். துக்க வீட்டில் என்னோடு படித்தவர்கள் தலைகுனிந்து நின்றதற்குக் காரணம் பாதி துக்கம், பாதி என் மீசை. தூக்கத்திலேயே போய்விட்டார், அவதிப்படவில்லை என்று அவர் மகள் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

டீச்சர் ஜெர்மனியில் பல வருடம் தாதியாக இருந்துவிட்டு வந்தவர். எங்கள் ஊர் டத்தோ கிராமாட்டில் ஒரு கடைவீட்டு மாடியில் அந்த மொழியைச் சொல்லிக்கொடுத்தார். வெளிநாட்டு வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு நடுவே, மூன்றாம் படிவத்தோடு படிப்பை முடித்துக்கொண்டு துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் நான் எதற்கு வந்தேன் என்று அவர்களில் யாருக்கும் தெரியாது. ஜெர்மனிக்கு வேலைக்குப் போன என் மகள் கவிதா, அந்த ஊர்ப் பையனைக் கட்டிக்கொள்கிறேன் என்றாள். அவனுடைய பெற்றோர் எங்களைப் பார்க்க வருவதாக இருந்தார்கள்.

"டீச்சர், ஒரே ஒரு வாக்கியம் எழுதிக் கொடுங்க. 'என் மகளை அவ்வளவு தூரம் அனுப்ப எனக்கு மனசில்லை.' மனப்பாடம் பண்ணிக்கிறேன்."

ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். பிறகு கேட்டார்: "சரிண்ணே, அவங்க ஏதாச்சும் பதில் சொல்வாங்கல்ல? அதுக்கு என்ன பண்ணுவீங்க?"

அதை நான் யோசிக்கவே இல்லை. அந்தப் பதிலுக்காக ஏழு மாதம் வகுப்பில் உட்கார்ந்தேன்.

"ஆளுக்கு மூணு தப்பு. போட்டு முடிச்சவங்கதான் வீட்டுக்குப் போகலாம்." இதுதான் அவர் சட்டம். பயத்தில் வாயே திறக்காத பிள்ளைகள் எல்லாம் இரண்டாவது வாரமே பேசத் தொடங்கினார்கள். எனக்குப் பேரும் ஊரும் சொல்வதற்குள் கணக்கு முடிந்துவிடும். பையைத் தூக்குவேன்.

"அண்ணே, உக்காருங்க லா! அதெல்லாம் போன வாரத் தப்பு. புதுசா கொண்டாங்க."

புதுத் தப்பு போட வேண்டுமானால் புதிதாக எதையாவது பேசியாக வேண்டும். அந்தச் சூட்சுமம் என் மண்டையில் ஏற இரண்டு மாதம் ஆனது.

இன்னொரு நாள் இரண்டிரண்டு பேராக முதுகோடு முதுகு சாய்த்து உட்காரவைத்து, காய்கறிக்குப் பேரம் பேசச் சொன்னார். துறைமுகத்தில் கை ஜாடையிலேயே பிழைத்தவன் நான். காற்றில் இரண்டு விரலை ஆட்டினேன். "கையக் கட்டுங்கண்ணே. அந்தப் பொண்ணுக்கு முதுகுல கண்ணு இல்ல."

சம்பந்திகள் வந்தார்கள். சாப்பிட்டு முடித்ததும், நான் தொண்டையைச் செருமுவதற்குள் அந்த அம்மாள் முந்திக்கொண்டார். மெதுவாகத்தான் பேசினார். பாதி புரிந்தது, அந்தப் பாதியே போதுமானதாக இருந்தது. உங்கள் மகளுக்கு வீட்டு நினைவு வந்தால் என் மகன் அவளோடு இங்கேயே வந்துவிடுவான், அவ்வளவு தூரத்தில் அவனை விட்டுவிட்டு நான் எப்படித் தூங்குவேன் என்று கேட்டார்.

சீட்டில் இருந்த வாக்கியத்தை விட்டுவிட்டேன். "வருவான், போவான், நீங்களும் வருவான்" என்கிற மாதிரி எதையோ சொன்னேன். அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். கவிதா என்னைப் பார்த்த பார்வையில், ஏழு மாதமாக நெஞ்சில் ஏற்றிவைத்திருந்த பாரம் இறங்கியது.

மறுநாள் டீச்சர் கேட்டார். "சொல்லிட்டீங்களாண்ணே?"

"இல்ல டீச்சர். வேற என்னவோ பேசினேன். எல்லாம் தப்பு."

"எத்தனை?"

"எண்ணல."

"அப்பப் பாஸு" என்றார்.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. டீச்சர் நினைவாக என்னிடம் இருப்பது அந்தத் துண்டுச் சீட்டு ஒன்றுதான். ஜெர்மன் மொழியில் ஒரு தப்பும் இல்லாமல் எனக்குத் தெரிந்த வாக்கியமும் அது ஒன்றுதான். நல்லவேளை, அதை யாரிடமும் சொல்லவில்லை.