ஆமாம் சொல்லாத மாடு

பக்கத்தில் இருப்பவர் மூச்சு விடுகிற சத்தத்தை நாம் யாரும் கவனித்துக் கேட்பதில்லை. நான் கேட்டிருக்கிறேன். அது நின்றுபோனதையும் கேட்டிருக்கிறேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு போகியன்று விடியற்காலை, சிட்லபாக்கம் ஏரிக்கரையில், என் காருக்குள். பின்சீட்டில் என் மனைவி வசந்தா, இழுப்பு வந்து துடிக்கிறாள். முன்சீட்டில் நான், கையில் ஸ்டியரிங். இந்த இரண்டில் அவள் உயிருக்கு எது பெரிய ஆபத்து என்று யாராவது கேட்டிருந்தால் பதில் சொல்லத் திணறியிருப்பார்கள்.

அடியார்களே, குன்றத்தூர் முருகன் எனக்குச் செய்ததைச் சொல்ல வந்திருக்கிறேன். நடுநடுவே கொஞ்சம் கோமாளித்தனமும் வரும். பிறவிக் குணம். அவன் பொறுத்துக்கொண்டான், நீங்களும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் அரசு அலுவலகத்தில் எழுத்தர். சானட்டோரியம் ஸ்டேஷனில் ரயில் பிடித்துப் போய்வந்து நிம்மதியாக இருந்தவன். ஓய்வு பெற்ற மேலதிகாரி ஒருவர் தன் பழைய வெள்ளைக் காரை விற்றபோது ஆசைப்பட்டு வாங்கிவிட்டேன். தாம்பரத்தில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் கடைசி நாளன்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "சார், உங்களுக்கு லைசென்ஸ் வாங்கிக் குடுத்துட்டேன். ஆனா ஓட்டாதீங்க" என்றார். கண்ணில் நீர் இருந்தது.

நான் ஓட்டினேன். ஜி.எஸ்.டி. சாலையில் கார் ஓட்டுவது என்றால், எதிரே வருகிற லாரி நம்மைப் பார்த்துவிட்டது என்று நம்புவது. அதுவே பெரிய பக்தி. ஒரு பண்டிகை நாள் பெருங்களத்தூரில் தெற்கே போகிற பஸ்ஸுக்காக மூட்டை முடிச்சோடு நின்ற கூட்டம் கை காட்டியது. பயத்தில் என் வண்டி அணைந்து நின்றுவிட்டது. கதவைத் திறந்து ஒரு குடும்பமே ஏறி உட்கார்ந்து, "அண்ணா, மதுரை போவுமா?" என்று கேட்டது. தாம்பரம் வரைக்கும்கூடப் போகுமா என்று எனக்கே தெரியவில்லை.

பூஜை போட்டால் சரியாகிவிடும் என்று வசந்தா சொன்னாள். காரைக் குன்றத்தூர் மலையடிவாரத்துக்குக் கொண்டுபோனோம். சக்கரங்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்து, தீபாராதனைத் தட்டோடு குருக்கள் வண்டியைச் சுற்றி வந்தார். பின்பக்கம் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "முருகான்னு சொல்லி எடுங்கோ" என்றார். முருகா என்று சொல்லி எடுத்தேன். வண்டி பின்னால் போனது. எலுமிச்சம்பழங்கள் அப்படியே இருந்தன. தட்டு நசுங்கிவிட்டது.

"முதல் கியர் போட்டா ரிவர்ஸ் போறது இந்த ஒரு வண்டிதான்" என்றேன்.

"வண்டியக் குத்தம் சொல்லாதீங்க" என்றாள் வசந்தா. "அது பயந்து பின்வாங்குது."

குருக்கள் நசுங்கிய தட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். "பாரத்தை அவன் மேல போட்டுடுங்கோ சார். ஆனா பார்த்துப் போடுங்கோ" என்றார்.

கியர் எனக்கு வசப்படவே இல்லை. கைகொடுத்தது ஹாரன் ஒன்றுதான். வீட்டிலிருந்து கிளம்பினால் திரும்பி வரும்வரை கையை எடுக்க மாட்டேன். போகிக்கு முந்தின நாள் அதுவும் செத்துப்போனது. மெக்கானிக் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தான். "ஹாரன் காலி சார். நீ அடிச்ச அடிக்கு வேற எதுனா இருந்தா எப்பவோ பூட்டுருக்கும். பொங்கல் முடிஞ்சி வா, பார்த்துக்கலாம்."

வசந்தாவுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு உண்டு. மார்கழிப் பனிக்கு லேசாக வரும், மாத்திரை போட்டால் அடங்கும். அந்தப் போகிக்கு அடங்கவில்லை. எங்கள் பக்கம் விடிவதற்குள் தெருவுக்குத் தெரு பழைய பாய், கிழிந்த தலையணை, டயர் எல்லாம் எரியும். பனியும் டயர்ப் புகையும் சேர்ந்து, ஜன்னலைத் திறந்தால் வெளியே கறுப்புத் துணி கட்டினது போல இருந்தது. கதவிடுக்கு வழியாகப் புகை உள்ளே வந்தது. அவள் கட்டிலில் குனிந்து உட்கார்ந்து, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சுக்கு அலைந்தாள். நகம் நீலம் பாரித்துவிட்டது.

ஆட்டோ ஸ்டாண்டுக்கு ஓடினேன். யாருமில்லை. அந்தப் புகையில் யார் வண்டி எடுப்பார்கள்? நான்தான்.

பின்சீட்டில் தலையணைகளை அடுக்கி அவளைச் சாய்த்து உட்கார வைத்தேன். அந்த நிலையிலும் கையைப் பிடித்து இழுத்து, "முதல்... கியர்..." என்றாள்.

"தெரியும்டி" என்றேன்.

அடியார்களே, நான் இதுவரை பார்த்த இருட்டு வேறு, அது வேறு. விளக்கைப் போட்டால் வெளிச்சம் காருக்கு முன்னால் சுவர் மாதிரி நின்றது. தெருமுனையில் யார் வீட்டு நெருப்போ ஒரு கணம் செக்கச்செவேல் என்று தெரிந்து மறைந்தது. அதைச் சுற்றி நின்றவர்களின் கால்கள் மட்டும் தெரிந்தன. மேலே ஆட்களே இல்லாதது போல. எங்கேயோ பிள்ளைகள் அடித்த சின்னப் பறையின் சத்தம் கேட்டது, அதுவும் பஞ்சில் சுற்றியதுபோல் மங்கிப் போனது. ஹாரன் இல்லை. தலையை வெளியே நீட்டி, "ஓரம்! ஓரம்!" என்று வாயாலேயே கத்திக்கொண்டு ஓட்டினேன். என் குரல் எனக்கே திரும்பி வந்தது.

ஏரிக்கரைப் பாதைக்கு வந்தபோது எதிரே இரண்டு சிவப்பு விளக்குகள் தெரிந்தன. அப்பாடா என்றிருந்தது. முன்னால் ஒரு லாரி போகிறது, அதன் பின்விளக்கைப் பிடித்துக்கொண்டே போனால் மெயின் ரோடு வந்துவிடும். மெல்ல மெல்ல அதன் பின்னாலேயே போனேன். விளக்குகள் விலகவும் இல்லை, நெருங்கவும் இல்லை. நான் வேகத்தைக் கூட்டினால் அதுவும் கூட்டுகிறது, நான் குறைத்தால் அதுவும் குறைக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எவ்வளவு நல்ல டிரைவர்!

பின்னால் வசந்தாவின் மூச்சு விசில் அடிப்பதுபோல் கேட்டுக்கொண்டே வந்தது. இத்தனை வருஷமும் ராத்திரியில் அந்தச் சத்தம் கேட்டுத் தூக்கம் கெட்டு எரிச்சல்பட்டிருக்கிறேன். இப்போது அதுதான் எனக்குத் துணை.

அது நின்றுவிட்டது.

"வசந்தா" என்றேன். "ஏய், வசந்தா!" திரும்பிப் பார்க்கவும் பயம். ரோட்டை விட்டால் போச்சு, ரோடும் தெரியவில்லை. அப்போதுதான் கூப்பிட்டேன். ஸ்தோத்திரம் எதுவும் வரவில்லை. "முருகா, என் லட்சணம் உனக்குத் தெரியும். உன் தட்டையே நசுக்கினவன். எனக்குக் கண்ணும் தெரியல, வழியும் தெரியல. இவளை என்னை நம்பி விட்டுடாதே. நீ வா. யாரையாவது அனுப்பு." இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

பூம்... பூம்...

உறுமிச் சத்தம். கூடவே சலங்கை. விளக்கு வெளிச்சத்தில் முதலில் தெரிந்தது சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகளின் மினுக்கல். பிறகு இரண்டு கொம்புகள். பிரேக்கை மிதித்தேன். பட்டுத் துணியும் பாசிமணியும் போர்த்திய பூம்பூம் மாடு ஒன்று, காருக்கு நேர் முன்னால், குறுக்கே நின்றது. பக்கத்தில் அதன் ஆள். தலையிலிருந்து கால்வரை கம்பளி போர்த்தியிருந்தான். முகம் தெரியவில்லை.

"யோவ், மாட்ட ஓட்டுய்யா! ஆஸ்பத்திரிக்குப் போவணும்!" என்று கத்தினேன்.

அவன் அசையவில்லை. உறுமியை ஒரு தரம் இழுத்தான். எல்லா வாசலிலும் கேட்கிற அதே ராகத்தில் மாட்டைக் கேட்டான். "ஐயா போற வழி நல்ல வழியா? சொல்லு."

பூம்பூம் மாட்டைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எதைக் கேட்டாலும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுவதுதான் அதன் பிழைப்பு. பிள்ளை பாஸாவானா, ஆமாம். மாப்பிள்ளை வருவானா, ஆமாம். இந்த மாடு தலையாட்டவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. அவன் மறுபடியும் உறுமியை இழுத்தான். மாடு மெதுவாகத் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பியது. இல்லை.



"இறங்கிப் பாருங்க" என்று பின்சீட்டிலிருந்து குரல் வந்தது. தெளிவான குரல். ஐயோ, மூச்சு வந்துவிட்டது இவளுக்கு என்று நெஞ்சு நிறைந்துபோனது. சொன்ன பேச்சைக் கேட்டுப் பழகியவன், உடனே கதவைத் திறந்து இறங்கினேன். காருக்கு முன்னால் போய் ஓரடி வைத்தேன். கால் முழங்கால்வரை தண்ணீருக்குள் போனது.

ஏரி. அந்த வருஷம் நல்ல மழை, விளிம்புவரை நிறைந்திருந்தது. எருமைகள் இறங்குகிற சரிவில் காரை இறக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். நான் துரத்திய லாரி விளக்கு இரண்டும் ஏரி வளைகிற இடத்தில், எதிர்க்கரையில் கனன்றுகொண்டிருந்த போகி நெருப்புகள். என் செருப்பு ஒன்று தண்ணீரில் மிதந்து போனது. நிமிர்ந்து பார்த்தேன். மாடு இல்லை. ஆளும் இல்லை. உறுமி மட்டும் இடதுபக்கம் தூரத்தில் கேட்டது. பூம்... பூம்...

ஓடிப்போய் உட்கார்ந்தேன். ரிவர்ஸ் போட வேண்டும். வாழ்க்கையிலேயே முதல் முறையாக ரிவர்ஸ் வேண்டும் என்று ரிவர்ஸ் போட்டேன். விழுந்தது! குன்றத்தூரில் ஒத்திகை பார்த்தது இதற்குத்தான் போலிருக்கிறது. கார் மேலே ஏறியது. பிறகு கண்ணை நம்பவில்லை. ஜன்னலை இறக்கி, காதை நீட்டி, உறுமிச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே ஓட்டினேன். அது திரும்பினால் திரும்பினேன். நின்றால் நின்றேன். கடைசியில் ஒரு டீக்கடையின் ட்யூப்லைட் தெரிந்தது. மெயின் ரோடு. சத்தம் அதோடு நின்றுவிட்டது.

தாம்பரத்தில் ஆஸ்பத்திரி வாசலில் அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆக்ஸிஜன் வைத்து, ஊசி போட்டு, வெகுநேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார். "மூச்சு இழை மாதிரிதான் ஓடிட்டிருந்தது. இன்னும் கொஞ்சம் தாமதமாயிருந்தா கையை விரிச்சிருப்போம்" என்றார். ஒற்றைச் செருப்போடு அந்த வராந்தாவில் உட்கார்ந்து சின்னப் பிள்ளைபோல் அழுதேன்.

மத்தியானம் என் தங்கை வந்து வசந்தாவுக்குத் துணையாக இருந்தாள். நான் திரும்பிப்போய் முதலில் அந்த டீக்கடையில் விசாரித்தேன். மாட்டுக்காரருக்கு ஒரு வேட்டி துண்டாவது வாங்கிக் கொடுக்க வேண்டாமா?

"பூம்பூம் மாடா? இன்னா சார் சொல்ற?" என்றார் கடைக்காரர். "இந்த வருசம் அவங்க இந்தப் பக்கமே வர்ல. காலையில ஒரு சத்தமும் கெடையாது. நீதான் ஹாரன்கூட அடிக்காம, காத தூக்கிகினு, பேய் மாதிரி வந்து நின்ன. நான் கிளாஸைக் கீழ போட்டுட்டேன்."

ஏரிக்கரைக்குப் போனேன். புகை விலகி வெயில் அடித்தது. சரிவின் ஈரச் சேற்றில் என் கார்ச் சக்கரத் தடம் தண்ணீருக்கு ஓரடி முன்னால் போய் நின்றிருந்தது. என் கால் தடம் இருந்தது. செருப்பு கோரைப்புல்லில் சிக்கியிருந்தது. கார் நின்ற இடத்துக்கு முன்னால் சேறு வழவழவென்று இருந்தது. ஒரு குளம்படிகூட இல்லை.

சாயங்காலம் வசந்தாவின் கட்டிலருகே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். "நல்லவேளை, நீ இறங்கிப் பாருங்கன்னு சொன்னே" என்றேன்.

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "நான் எப்பங்க சொன்னேன்?" என்றாள். "தெரு திரும்பினதுக்கப்புறம் எனக்கு நினைவே இல்ல. பேசறதுக்கு மூச்சு எங்க இருந்தது?"

அவள் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

அவள் தேறியதும் குன்றத்தூர் போனோம். அங்கே மலைமேல் முருகன், கீழே பெருமாள் கோயில். அதுவரை நான் பெருமாளை எட்டிப் பார்த்ததில்லை, நேரே படியேறிவிடுவேன். அன்று வசந்தா என்னைக் கீழேயே நிறுத்தினாள். "பூம்பூம் மாட்டைப் பெருமாள் மாடுன்னுதானே சொல்வாங்க? நீங்க கூப்பிட்டது மருமகனை. வந்தது மாமன் வீட்டு மாடு" என்றாள். புது தாம்பாளம் ஒன்று வாங்கிக் குருக்களிடம் கொடுத்தேன். அவர் அதை வாங்கி முதலில் காருக்கு எட்டாத இடத்தில் வைத்தார்.

அன்றிலிருந்து நான் மாறினேன். போகிக்கு எங்கள் வீட்டில் எதுவும் எரிவதில்லை. மார்கழி முழுக்க வசந்தாவை அவள் அண்ணன் ஊருக்கு அனுப்பிவிடுகிறேன். ராத்திரியில் அவள் மூச்சுச் சத்தம் கேட்டால் எரிச்சல் வருவதில்லை. அதைக் கேட்டுக்கொண்டுதான் தூங்குகிறேன். ஹாரனைத் தொடுவதே அபூர்வம். தெருவில் பூம்பூம் மாடு வந்தால் அரிசியும் வேட்டியும் கொடுத்து, "என் டிரைவிங் தேறுமா?" என்று கேட்பேன். அது ஆமாம் ஆமாம் என்று தலையாட்டும். அது சாதாரண மாடு என்று தெரிந்துகொள்வேன்.

அன்பர்களே, உங்களுக்கும் புகை சூழும் நேரம் வரும். அப்போது அழகான வார்த்தை தேட வேண்டாம், வாயில் வந்ததைச் சொல்லிக் கூப்பிடுங்கள். மயிலில்தான் வருவான் என்று வானத்தைப் பார்த்துக்கொண்டும் இருக்காதீர்கள். நீங்கள் அவசரமாகப் போகிற வழியில் ஏதோ ஒன்று குறுக்கே வந்து நின்று அசைய மறுத்தால், கோபப்படாதீர்கள்.

இறங்கிப் பாருங்கள்.