தாண்டவராயனின் இடது மணிக்கட்டு

11-05-1997 தேதியிட்ட தங்கள் வார இதழின் நாற்பத்திரண்டாம் பக்கத்தில் என் அண்ணன் தாண்டவராயனைக் கொன்றுவிட்டீர்கள். நான் அனுப்பிய பிரதியில் அவர் உயிருடன் இருந்தார். இதுவே என் குற்றச்சாட்டு. ஆதாரங்களை இணைத்துள்ளேன்: கார்பன் நகல் பதினான்கு தாள்கள், பதிவுத் தபால் ரசீது, தங்கள் அலுவலக முத்திரையுடன் எனக்குத் திரும்பி வந்த ஒப்புகை அட்டை.

ஆசிரியர் அவர்களுக்கு அண்ணனைத் தெரியாது. ஆகவே அவரைப் பற்றி முதலில் சொல்கிறேன்.

திருவிடந்தை குப்பத்தில் பிறந்தவர். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன்; அவர் ஐந்தோடு. ஆயினும் உரக்கப் படிப்பதில் அவருக்கு ஈடு கிடையாது. தங்கள் இதழில் வந்த ‘முத்துவளை நாடு’ தொடரை வாரந்தோறும் கோவளம் கடையில் வாங்கி வந்து, வலையிலிருந்து மீனைப் பிரித்துக்கொண்டிருக்கும் அண்ணி வச்சலாவுக்குப் படித்துக் காட்டுவார். அண்ணிக்கு எழுத்துத் தெரியாது. வழியில் இதழைப் பிரித்துப் பார்க்கக் கூடாது என்பது அண்ணன் தனக்கே வைத்துக்கொண்ட முறை. “அவளுக்குத் தெரியாதது எனக்கு மட்டும் எதுக்குடா முன்னாடியே தெரியணும்” என்பார். படித்து முடித்த பிறகோ, கரையில் எதிர்ப்படும் எல்லோரிடமும் கதையைச் சொல்லித் தீர்த்துவிடுவார்.

1993 நவம்பர் 17, புதன்கிழமை விடிகாலை, ஒற்றை ஆளாகக் கட்டுமரத்தைத் தள்ளிச் சென்றார். மூன்றாம் நாள் கட்டுமரத்தின் இரண்டு மரங்கள் சதுரங்கப்பட்டினத்தருகே ஒதுங்கின. அவர் ஒதுங்கவில்லை.

உடல் வராதவருக்குக் காரியம் செய்ய அண்ணி உடன்படவில்லை. பூவும் பொட்டும் அப்படியே இருந்தன. உறவினர் ஒவ்வோர் ஆடி அமாவாசைக்கும் வந்து கேட்பார்கள். “அவரு திரும்பி வந்தா அவரு மூஞ்சியில எப்டி முழிப்பேன்?” என்று அனுப்பிவிடுவார்.

கடலில் காணாமற்போனவர்கள் கரையேறும் நாடுதான் முத்துவளை என்பதைத் தாங்கள் அறிவீர்கள். அண்ணனுக்குப் பிறகு நான்தான் தொடரைப் படித்துக் காட்டினேன். அது முடிந்த வாரம் அண்ணி என்னிடம் கேட்டார்:

“தம்பி, உங்க அண்ணன் அங்க போய்ச் சேந்திருந்தா இப்ப இன்னா பண்ணிகினு இருப்பாரு? எழுதேன், கேக்கலாம்.”

நான் மறைமலைநகரில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் அளவு பார்ப்பவன். செங்கல்பட்டில் அறை, ஞாயிறு மட்டும் குப்பம். கம்பெனிப் பேருந்தில் எழுதத் தொடங்கினேன். முதல் அத்தியாயத்தில் அண்ணன் மன்னன் முன் மண்டியிட்டு, “வேந்தே, அடியேன் வந்தனம்” என்றார். அண்ணி கையிலிருந்த சங்கரா மீனைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்.

“அவரா? ராஜாவப் பாத்தா ‘இன்னா அண்ணாத்த, நாஸ்தா ஆச்சா’ன்னு கேப்பாரு. அதுக்கு முன்னாடி மடியில கீற பீடி நனைஞ்சிடுச்சான்னு பாப்பாரு. அந்த ஊரு கட்டுமரத்துல கட்டு சரியில்லன்னு சண்ட வலிப்பாரு. மண்டி போடறாராம், மண்டி.”

அன்றுமுதல் சில கட்டுப்பாடுகளை வகுத்துக்கொண்டேன். கடலுக்குப் போன அன்று அவர் உடலில் இருந்தது மட்டுமே அவருடன் அங்கே போகும்: நீலக்கோட்டு லுங்கி, பீடிக்கட்டு, சூரிக்கத்தி. அவர் அறிந்தது மட்டுமே அங்கும் அவருக்குத் தெரியும். தொடரை முப்பத்தொன்றாம் அத்தியாயம் வரை படித்திருந்தார்; ஆகவே மந்திரியின் சூழ்ச்சியை அறிவார், அதன் முடிவை அறியார்.

“மந்திரி கெட்டவன்னு ஊரெல்லாம் சொல்லிடுவாரு. வயித்துல ஒண்ணு தங்காது அவருக்கு” என்றார் அண்ணி. அவ்வாறே எழுதினேன், அந்நாட்டின் கதையே அதனால் திசை மாறிற்று.

அவர் ஏன் திரும்பவில்லை என்பதை மட்டும் என்னால் எழுத முடியவில்லை. அரசபதவி கொடுத்துப் பார்த்தேன், நோய் கொடுத்துப் பார்த்தேன். அண்ணி சொன்னார்: “வர வழி இல்லன்னு எழுது. வர மனசு இல்லன்னு மட்டும் எழுதாத.”

மூன்று ஆண்டுகளில் ஒன்பது நோட்டுகள் நிறைந்தன. இவ்வாண்டு ஜனவரியில், முத்துவளை நாட்டுக்குள் தமக்குத் தெரிந்த ஒருவரை அனுப்பி எழுதுமாறு வாசகர்களைத் தாங்கள் அழைத்தீர்கள். ஓர் அத்தியாயம் அனுப்பினேன். அதன் முடிவில் அண்ணன் ஒரு கட்டுமரத்தைத் தன் கையாலேயே கட்டி முடித்து, காற்றுக்காகக் காத்திருக்கிறார்.

மே 11, ஞாயிறு. இதழை வாங்கினேன். அட்டையில் என் பெயர் இருந்தது. அண்ணன் முறைப்படி உள்ளே பிரித்துப் பார்க்காமலே கொண்டுசென்று, அண்ணி எதிரில் அமர்ந்து உரக்கப் படித்தேன். எனவே அந்தக் கடைசிப் பத்தியை என் வாயாலேயே அவருக்குச் சொல்ல நேர்ந்தது: மரம் கவிழ்கிறது, உடல் ஒதுங்குகிறது, இடது மணிக்கட்டில் சிவப்புக் கயிறு மட்டும் நிறம் மாறாமல் இருக்கிறது.

“கயிறு உனக்கு யாரு சொன்னது?” என்றார் அண்ணி.

“எந்தக் கயிறு, அண்ணி?”

திருக்கழுக்குன்றம் மலையிலிருந்து கொண்டுவந்த சிவப்புக் கயிற்றை அந்தப் புதன்கிழமை அண்ணிதான் அவர் கையில் கட்டிவிட்டாராம். கயிறு கட்டுபவர்களைக் கேலி செய்து பழகியவர் அண்ணன். “வெளிய சொல்லாத, பசங்க ஓட்டுவானுங்க” என்று இருட்டோடு போய்விட்டாராம். அண்ணி இன்றுவரை எவரிடமும் சொன்னதில்லை. எனக்குத் தெரியாது. என் பதினான்காம் தாளில் கயிறு இல்லை, நகலைப் பார்க்கவும்.

“இது பத்திரிகைக்காரங்களா சேத்தது, அண்ணி. நான் மாத்தி எழுதறேன்.”

“நீ எழுதுவ. கூடப் பொறந்தவன், சாவடிக்க மாட்ட. அந்தாளுக்கு இவரு யாருன்னே தெரியாது. தெரியாதவன் எதுக்குப் பொய் சொல்லப் போறான்?”

அன்று மாலை அண்ணி பூ வைக்கவில்லை. வரும் ஆடி அமாவாசையில் காரியம் செய்ய உறவினரிடம் சம்மதம் சொல்லிவிட்டார். தங்களிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். “கேளு. வாயால சொன்னா ஒத்துக்காத, எழுதி வாங்கு. அமாவாச வரிக்கும் பாக்கறேன்” என்றார்.

எங்கள் தொழிற்சாலையில் வரைபடத்தின் ஒரு கோட்டை மாற்றினாலும், மாற்றியவர் தம் கையெழுத்தும் தேதியும் இட வேண்டும். அதையே தங்களிடம் கேட்கிறேன். பரிசும் மறுப்புச் செய்தியும் வேண்டாம். அந்தப் பத்தியைச் சேர்த்தவர் யார்? சிவப்புக் கயிற்றை எங்கிருந்து எடுத்தார்? அழகுக்காகச் சேர்த்திருந்தால், ‘கயிறு என் கற்பனை’ என்று ஒரே வரி, அவருடைய கையெழுத்துடன், ஆடி அமாவாசைக்கு முன் வந்து சேர வேண்டும். அதை நானே அண்ணிக்கு உரக்கப் படித்துக் காட்டுவேன்.

அன்றி, அப்படியொரு கையை அவர் எங்கேனும் உண்மையாகவே கண்டிருந்தால், எந்தக் கரையில், எந்த நாளில் என்று தெரிவிக்கவும். அதையும் எழுத்தில்.

இப்படிக்கு,
லட்சுமணன்
திருவிடந்தை குப்பம்
08-06-1997