தொந்திக் கடை

ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த கடைத்தெரு முழுக்க, ஊருக்கு ரயில் வந்த புதிதில் எழுப்பிய மூன்று மாடிச் செங்கல் கட்டடங்கள். பழசு தெரியாமல் அவற்றின் முகப்பை அலுமினியத் தகட்டால் மூடும் வேலை அவருக்கு இருபத்தாறு வயதில் கிடைத்தது. தகடு சமமாக உட்கார வேண்டும். சுவரில் துருத்துவதையெல்லாம் முதலில் சுத்தியலால் தட்டி எறிந்துவிட வேண்டும்.

தெருமுனைத் துணிக்கடைக்குச் சாரம் ஏறியவர், மூன்றாம் மாடியின் நெற்றியில் ஒரு ரயில் எஞ்சினைக் கண்டார். செங்கல்லில் செதுக்கியது. கீழே நிற்பவர் கண்ணுக்கு எட்டாத அந்த உயரத்தில், ஆணித் தலைகளைக்கூட ஒன்று விடாமல் எவனோ செதுக்கியிருந்தான். ஓங்கிய கை இறங்கவில்லை.

"என்னப்பா, தட்டிட்டியா?" என்றார் கீழிருந்து மேஸ்திரி.

"தட்டியாச்சு மேஸ்திரி."

எஞ்சினைச் சுற்றிச் சுவரில் துளை போட்டு, சுவருக்கும் தகட்டைத் தாங்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு சாண் கட்டைகளை முட்டுக் கொடுத்து, தகட்டை வெளியே தள்ளி அடித்தார். அந்தக் கடை மட்டும் வரிசையில் துருத்திக்கொண்டு நின்றது. தெருவே அதைத் தொந்திக் கடை என்றது. அவ்வழியாகப் போகும்போதெல்லாம் அவர் மனைவி, "உங்க பிள்ளைக்கு வயிறு வத்தவே இல்லையே" என்பார். அவர் சிரித்து வைப்பார். மனைவியிடம்கூட விஷயத்தைச் சொன்னதில்லை.

முப்பத்தெட்டு வருடம் கழித்து, பழைய முகப்பு மிஞ்சிய கட்டடங்களை மட்டும் காப்பாற்ற நினைத்து நகராட்சி தகடுகளைக் கழற்றத் தொடங்கியது. மூன்று கட்டடங்களில் கொத்திப்போட்ட மொட்டைச் சுவர்தான் மிச்சம். மூன்றையும் இடித்தார்கள். நான்காவதாக இடிக்க இருந்தது தொந்திக் கடை. அவர் நகராட்சி என்ஜினியரம்மா முன்னால் போய் நின்றார்.

"பழைய ரெக்கார்டுல எல்லாத்தையும் தட்டிட்டதா எழுதியிருக்கே, ஐயா."

"பொய் சொன்னேம்மா. தட்டலை."

"ஒரே ஒரு தகடு கழட்டிப் பாக்கறேன். ஒண்ணும் இல்லேன்னா திங்கட்கிழமை இடிச்சிடுவோம்."

தகடு கழற்றும் அன்று மனைவியோடு எதிர்ச்சாரியில் நின்றார். தான் விட்ட இடைவெளியிலேயே மழைத் தண்ணீர் இறங்கி எல்லாம் கரைந்து போயிருந்தால்?

தகடு இறங்கியது. புறா எச்சமும் இறகும் புழுதியும் கொட்டின. புழுதி அடங்கியதும் எஞ்சின் தெரிந்தது, இப்போதுதான் வந்து நின்றதுபோல. சக்கரத்தின் ஆரங்கள், புகையின் சுருள், ஆணித் தலைகள், எல்லாம் அப்படியே. கைவண்டிக்காரர் வண்டியை நடுத்தெருவிலேயே நிறுத்திவிட்டு அண்ணாந்தார். ஹாரன் அடிக்க வந்த பஸ் டிரைவரும் தலையை வெளியே நீட்டினார்.

"இத்தனை வருஷம் இதையா மறைச்சு வச்சிருந்தீங்க?" என்றார் மனைவி.

"செஞ்சவன் மனுஷனே இல்லடி, தெய்வம்," என்றார் அவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

கட்டடத்தை இடிக்கவில்லை. போன மாதம் அவரைச் சுடுகாட்டுக்கு எடுத்துச் சென்ற வண்டி அந்தத் தெரு வழியாகத்தான் போனது. மனைவி அப்படிக் கேட்டுக்கொண்டார். கட்டைகளுக்காக அவர் போட்ட துளைகளை மட்டும் பூச வேண்டாமென்று என்ஜினியரம்மா சொல்லிவிட்டாராம். எஞ்சினைச் சுற்றி அவை வரிசையாக இருக்கின்றன.