மனதுக்குள் ஒரு சவரம்

என் அக்கா புருஷனுக்கு இடது கன்னத்தில் வலி வந்தபோது முதலில் சிரித்தவன் நான்தான். "பல்லு சொத்தையா இருக்கும் மாமா, மிட்டாயைக் குறைங்க" என்றேன். பல் டாக்டரும் அப்படித்தான் நினைத்தார். இரண்டு கடைவாய்ப் பற்களைப் பிடுங்கி அனுப்பினார். பல் போனது, வலி போகவில்லை. நாலு மாதம் கழித்துப் பெரிய ஆஸ்பத்திரியில்தான் முகத்து நரம்பில் கோளாறு என்று கண்டுபிடித்தார்கள். ஆபரேஷனுக்குப் பெயர் எழுதிக்கொண்டு, ஒரு வருடம் ஆகும் என்றார்கள்.

ஒரு வருடம் என்று சொல்வது எவ்வளவு சுலபம்! காற்று பட்டால் வலி வரும். வாய் கொப்பளித்தால் வரும். பேசும்போது பாதி வார்த்தையில் வரும். கன்னத்தில் கரண்ட் கம்பியை வைத்து வைத்து எடுப்பது மாதிரி இருக்கும் என்பார். முப்பது வருடமாக ஊரார் முகத்தை மழமழவென்று வழித்த மனிதர், தன் முகத்தில் ஒரு துண்டைக்கூட வைக்க முடியாமல் தாடி வளர்த்தார். சலூன்காரனே சாமியாராகிவிட்டானே என்று வந்தவர் போனவரெல்லாம் கிண்டல் செய்தார்கள். ஃபேனை வேறு நிறுத்தி வைத்திருந்தோம். வியர்வை வழிய உட்கார்ந்துகொண்டு கிண்டலடிக்கிறவர்களை, அதே கடையில் பக்கத்து நாற்காலியில் முடி வெட்டுகிற நான் மனதுக்குள் திட்டித் தீர்ப்பேன்.

மாத்திரை இருந்தது. போட்டால் வலி பாதி அடங்கும், ஆனால் கை நடுங்கும். சவரக்கத்தி பிடிக்கிறவருக்குக் கை நடுங்கினால் அப்புறம் என்ன இருக்கிறது? மூன்றாம் நாளே நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகுதான் அந்த வித்தையைக் கண்டுபிடித்தார். கடையில் கூட்டமில்லாத ஒரு மத்தியானம் என்னிடம் சொன்னார்.

"வலி கிளம்பும்போதே கண்ண மூடிக்கிறேன் மாப்ள. என் மூஞ்சியக் கொண்டுபோய் நாற்காலியில உக்கார வெச்சிடுறேன். அது கஸ்டமர். நான் பின்னாடி நிக்கிறேன். துணி கட்டுறேன், நுரை போடுறேன், காதோரத்துல ஆரம்பிச்சுப் பொறுமையா வழிக்கிறேன். வலிச்சா அந்த ஆளுக்குத்தான வலிக்குது? எனக்கென்ன?"

"அந்த ஆளு சும்மாவா இருக்காரு?"

"எங்க சும்மா இருக்காரு, கத்துறாரு. ஆடாதீங்க சார், இதோ முடிஞ்சிருச்சுன்னு சொல்லிட்டே வழிப்பேன்."

"அடுத்த வாரமும் வருவாராமா?"

"வாரமா? ஒரு நாளைக்குப் பத்து தடவை வர்றாரு. இப்படி ஒரு கஸ்டமர் எவனுக்குடா கிடைப்பான்?"

இருவரும் சிரித்தோம். சிரித்ததற்கு உடனே வலி வந்தது. கண்ணை மூடினார். "ஆடாதீங்க சார்" என்று உதடு அசையாமல் முனகினார். இரண்டு நிமிடத்தில் முகமெல்லாம் வியர்த்துப்போய், ஆனால் ஒரு சத்தமும் போடாமல், எழுந்து வந்து அடுத்த ஆளுக்குத் துணி கட்டினார். எட்டு மாதம் இப்படியே ஓட்டினார். எனக்கு அவர்மேல் அப்படியொரு மரியாதை வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கடையில் நல்ல கூட்டம். மாமாவின் நாற்காலியில் கணக்கு வாத்தியார் இருந்தார். பழைய வாடிக்கை. கத்தி அவருடைய இடது காதோரம் இருந்தபோது யாரோ கதவைத் தடாலென்று திறக்க, காற்று உள்ளே அடித்தது. மாமாவின் முகம் கோணியது. கையில் கத்தி, கண்ணை மூட வழியில்லை. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே தன் வித்தையைச் செய்து பார்த்திருக்கிறார். ஆனால் நாற்காலியில்தான் ஏற்கெனவே ஆள் இருக்கிறாரே! அவர் நினைப்பில் வலி வாத்தியாரின் கன்னத்துக்குப் போய்விட்டது. வலிக்கிற கன்னத்திலிருந்து கத்தியை எடுக்கிற அவசரத்தில் கையை வெடுக்கென்று இழுத்தார். காது மடல் கிழிந்தது.

"ரொம்ப வலிக்குதா சார்?" என்று பதறினார். வாத்தியாருக்கு வெட்டுப்பட்டதே அப்போது தெரியவில்லை. கழுத்தில் ரத்தம் இறங்கிய பிறகுதான் கையை வைத்துப் பார்த்தார். நாலு தையல். நல்ல மனிதர், சண்டை போடவில்லை. சண்டை போட்டவன் நான்தான்.

"கத்தியக் கீழ வைங்க மாமா. இன்னைக்குக் காது, நாளைக்குக் கழுத்து."

அத்தனை பேர் முன்னால் சொன்னேன். அவர் கத்தியைக் கழுவி, துடைத்து, மடக்கி, என் பக்கத்து அலமாரியில் வைத்தார். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் எனக்குப் புத்தி இல்லை.

மறுநாளிலிருந்து மாத்திரை போட்டுக்கொண்டார். முடி கூட்டினார், துண்டு மடித்தார். கை நடுங்கினால் இப்போது யாருக்கும் ஆபத்தில்லை, மிச்சமிருக்கிற பாதி வலிக்குத்தான் வித்தை இருக்கிறதே என்று நானும் நிம்மதியாக இருந்தேன்.

புதன்கிழமை மத்தியானம் கடையில் நாங்கள் இருவர் மட்டும். தண்ணீர் குடித்தார். டம்ளர் உதட்டில் பட்டதும் வலி பாய்ந்தது. வழக்கம்போல் கண்ணை மூடினார். கத்தி பிடிப்பதுபோல் விரல்கள் காற்றில் உயர்ந்தன. உயர்ந்தபடியே நடுங்கின. சட்டென்று கண்ணைத் திறந்தார்.

"மாப்ள, உள்ளயும் கை நடுங்குதுடா."

"என்ன மாமா சொல்றீங்க?"

"துணி கட்டிட்டேன், நுரையும் போட்டுட்டேன். கத்திய எடுத்தா கை நடுங்குது. அந்த ஆளு பயந்து எந்திரிச்சுட்டான். இப்ப எல்லாம் எனக்கே வலிக்குது."

வலியின் அடுத்த அடி விழுந்தது. எட்டு மாதமாகச் சத்தம் போடாத மனிதர் அலறினார். கடைக்குப் பின்னால்தான் வீடு. அக்கா ஈரக்கையோடு ஓடி வந்தாள். முகத்தைத் தொட முடியாது. எங்கே பிடிப்பது என்று தெரியாமல் கீழே உட்கார்ந்து அவர் காலைக் கட்டிக்கொண்டாள்.

"கத்தியக் குடுடா மாப்ள" என்று கெஞ்சினார். "சும்மா கையில வெச்சுக்கிறேன். ஒரு நிமிஷம் வெச்சுக்கிறேன்டா."

அக்கா தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கொடுத்துவிடாதே என்று அந்தப் பார்வை சொன்னது. அலமாரியில் இருந்த கத்திகளையெல்லாம் அள்ளிப் பையில் போட்டு, பையை இடுக்கிக்கொண்டு, அவர் அலறுவதைப் பார்த்தபடி கதவோரம் நின்றேன்.